நாற்பத்தொரு காலிக் கட்டங்கள்

வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதிக்கொள்வது. பக்கத்தில் யாராவது இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு, விடுதியில் உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. கவருக்குள் வேறு சில தாள்களும் இருக்கின்றன. அவற்றை இப்போது பிரிக்காதே. நான் சொல்லும்போது பார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். அப்பா சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் அதைச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கடைக்குக் கண் பரிசோதிக்கும் புது இயந்திரம் வந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி துடைக்கத் துணி கேட்டு வருகிறவர்களைக் கூட விடாமல் உட்கார வைத்துப் பரிசோதிக்கிறார். என்னையும் உட்கார வைத்தார். “கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா பாடப் புத்தகம் மட்டும் எப்படித் தெரிய மாட்டேங்குதுன்னுதான் புரியல” என்று கடைப் பையன்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியிருக்கிறேன் என்பதை அவர் உனக்குச் சொன்னாரோ இல்லையோ. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா முன்னறையில் தூங்குகிறார். அவர் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுத்து அங்கங்கே கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் அழுதுவிடுவேன். நீ உடனே “பரவால்ல விடு பாப்பா” என்பாய். அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த விஷயத்தில் நீ பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில், உன் ஆலைக் கணக்கெடுப்பில் காலியாக இருந்த நாற்பத்தொரு கட்டங்களை நிரப்பியது நான். குடை அக்கா இல்லை. நான்தான்.

இது உனக்குப் புதுச் செய்தியா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதுதான் எனக்கு எழுதவே பயமாக இருக்கிற பகுதி.

போன சனிக்கிழமை மத்தியானம் குடை அக்கா வீட்டுக்கு வந்தார். உன்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவரைக் குடை இல்லாமல் நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குடை இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் பெரிய பைகள் இருந்ததால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நடந்து வந்தார். பைகளில் இருந்ததெல்லாம் உன் புத்தகங்கள். உன்னிடம் வாங்கிப் போனதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வந்ததாகச் சொன்னார். அப்பா தேநீர் போட்டுக் கொடுத்து, “இப்ப என்ன அவசரம்? ஆய்வேட்டை முடிச்சுட்டுக் குடுத்தா போதாதா?” என்று கேட்டார். அக்கா தேநீரைக் குடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். “முடிப்பேனான்னு தெரியல சார். அதான்” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, ஒட்டுக்கேட்கவில்லை.

வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உன் கணக்கெடுப்புக் கோப்பைக் கேட்டு வாங்கினாராம். நீயே அனுப்பியிருக்கிறாய். அதில் ஒரு கேள்விக்கு மட்டும் பல இடங்களில் மேல் வரியில் இருக்கிற எண்ணே கீழ் வரியிலும் அப்படியே வருகிறது, இது தற்செயலாக நடக்க வாய்ப்பில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் எப்படியோ ஆலை உரிமையாளர் சங்கத்தின் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் சும்மா இருப்பார்களா? உன் கட்டுரையைக் காட்டித்தானே தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு இரண்டு வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ‘பேராசிரியர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய கற்பனைக் கணக்கு’ என்று பல்கலைக்கழகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரிக்கக் குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் நம் காற்புள்ளி சார்.

நீ அவருக்கு அந்தப் பெயரை வைத்தபோது நான் எவ்வளவு சிரித்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அக்கா அவரைப் போலவே பேசிக் காட்டினார். “நீங்கள், அதாவது, தட்டச்சு செய்தது, நீங்கள்தான், வேறு யாரும், இல்லையே?” அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, “ஆமா சார், நான்தான் சார்னு சொல்லிட்டேன். காலியா இருந்ததைக் காலியாத்தான் விட்டேன்னும் சொன்னேன். அத்தாட்சி கேட்டாரு. என்னோட பழைய கம்ப்யூட்டர் செத்து மூணு வருஷம் ஆச்சு. ரெண்டு மணி நேரம் திருப்பித் திருப்பி அதையே கேட்டாங்க சார். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. தூக்கக் கலக்கத்துல நானேதான் எதாவது பண்ணிட்டேனோன்னு” என்றார்.

அம்மா, அதைக் கேட்டபோது என் கையில் உன் நீலப் புடவை இருந்தது. அதை எத்தனை தடவை மடித்துப் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது. செய்யாத தப்பைச் செய்ததாக ஒருவர் நினைக்க ஆரம்பித்துவிட்டார். செய்த நான் பக்கத்து அறையில் இருக்கிறேன்.

அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கிளம்பும்போது மட்டும் வாசல்வரை போய், கணக்கில் ஒரு சந்தேகம் இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வர முடியுமா என்று கேட்டேன். “தொண்ணூத்தி நாலு வாங்கினவளுக்கு என்னடி சந்தேகம்?” என்றார். ஆனாலும் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்த விடுமுறையைப் பற்றி. எனக்கு ஒன்பது வயது. முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் ஆறு அட்டைப்பெட்டிகளில் சாப்பாட்டு அறையில் இருந்தன. நாம் ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போயிருந்தார். நீ அதைப் பட்டியலாக அச்சடித்து, ஒரு சிவப்புப் பேனாவோடு என்னிடம் கொடுத்தாய். படிவத்தில் இருக்கிற எண்ணும் பட்டியலில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்த்து டிக் போட வேண்டும். அக்கா எங்கேயாவது விட்டிருந்தால் அதைக் கணினியில் நானே சேர்க்க வேண்டும். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்பா, “தொழிலாளர் பொருளாதாரப் பேராசிரியர் வீட்டுலயே குழந்தைத் தொழிலாளியா? நான் புகார் குடுக்கப் போறேன்” என்றார். நீ தலையைத் தூக்காமலே, “சம்பளம் குடுத்தாத்தான் அது தொழில். இது குடும்ப உழைப்பு. புள்ளிவிவரத்துல தனிக் கட்டம்” என்று சொன்னாய்.

நான்கு நாள் பார்த்தேன். அக்கா ஒரு எண்ணைக் கூட விடவில்லை. ஒரு தப்புக் கூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காலிக் கட்டங்கள் மட்டும் இருந்தன. எல்லாம் ஒரே கேள்வியில். இருபத்தேழாவது கேள்வி: ‘எவ்வளவு கூலி கொடுத்தால் இந்த ஆலையை விட்டு வேறு ஆலைக்குப் போவீர்கள்?’ படிவத்தைப் பார்த்தால் அங்கேயும் எண் இல்லை. வெறும் கோடு.

அந்த வருடம் எங்கள் வகுப்பு டீச்சர் தினமும் சொல்வார், தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, காலியாக விட்டால் சுழியம், எழுதினால் அரை மார்க்காவது கிடைக்கும் என்று. உன்னுடைய தாள் காலியாகப் போகக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு மார்க் குறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன், அம்மா. நீ ஆலை வாசலுக்குப் போயிருந்தாய். நான் கணினியைத் திறந்து, ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் அதற்கு மேலே இருந்த எண்ணைப் போட்டேன். பக்கத்தில் நின்றவர் சொன்னதையேதான் இவரும் சொல்லியிருப்பார் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். சாயங்காலம் நீ வந்ததும், “எல்லாம் சரியா இருக்கும்மா, ஒரு கட்டம் கூடக் காலி இல்ல” என்று சொன்னேன். நீ செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னைத் தூக்கிச் சுற்றினாய். அடுத்த வாரம் மாநாடு. அன்றைக்கு ராத்திரியே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாய்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். அன்றைக்கே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அம்மா. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கூடப் பதில் சொல்லாமல் விடவில்லை என்றால் அது நம்புகிற மாதிரியா இருக்கிறது? நீதானே உன் மாணவர்களிடம் சொல்வாய், எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள் என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று?

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பரணில் ஏறுகிறேன். அப்பா கடையிலிருந்து வர ஏழு மணி ஆகும். ஆறு பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றில் பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் அட்டையை மட்டும்தான். முந்நூற்றுப் பன்னிரண்டையும் மூன்று நாளில் பார்த்துவிட்டேன். நாற்பத்தொன்றிலும் அக்கா தன் கையால் கோடு போட்டிருக்கிறார். ஆறாவது பெட்டியின் அடியில் நான் சிவப்பு டிக் போட்ட அச்சுப் பட்டியலும் கிடைத்தது. அதில் நாற்பத்தொரு இடங்களும் காலியாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் அச்சடித்த தேதி இருக்கிறது. அக்கா ஊருக்குப் போனது அதற்கு மூன்று நாள் முன்பு. அதாவது, அக்கா கொடுத்துவிட்டுப் போன கோப்பில் காலியாக இருந்தது. அவர் போன பிறகுதான் நிரம்பியிருக்கிறது.

இப்போது கவரில் இருக்கிற தாள்களைப் பார். எல்லாம் நகல்கள். மூலத்தை அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா? அவை பத்திரமாக இருக்கின்றன. நகல் எடுக்கும் கடைக்கார அம்மா, “என்ன பாப்பா, இவ்ளோ பேப்பரு? பரீட்சைக்குப் பிட்டா?” என்று கேட்டார். நான், “இல்லக்கா, பிட் அடிச்சதுக்குச் சாட்சி” என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்து ஒரு தாளுக்குக் காசு வாங்கவில்லை.

அந்தப் படிவங்களின் ஓரத்தைப் படி. ஒன்பது வயதில் நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. அக்கா பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதி வைத்திருக்கிறார். ‘சிரித்தார்.’ ‘வேலையை விடுவதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.’ ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், மறுநாள் வரவில்லை.’ எண்பத்தாறாவது படிவத்தில், ‘இந்த மாதிரி என்னை யாரும் கேட்டதே இல்லை என்றார்’ என்று இருக்கிறது. இருநூற்று மூன்றில், ‘மேற்பார்வையாளர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் வெறும் கோடுதான். அந்த அம்மா பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவருக்கு முன்னால் நின்றவரின் எண்ணை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன்.

நேற்று நாற்பத்தொரு பேரையும் எடுத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை கூட்டினேன். இருக்கிற கூலியை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் கிடைத்தால் போதும் என்கிறார்கள் என்று உன் கட்டுரையில் இருக்கிறது. இப்போதும் ஏறக்குறைய அதேதான் வருகிறது. முடிவு நிற்கிறது, அம்மா. தைரியமாகச் சொல்லலாம். ஆனால் முடிவு நிற்கிறது என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. அதோடு, அந்த நாற்பத்தொரு பேரைப் பற்றித்தான் நீ முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எண் சொன்னவர்கள் வேறு வேலையைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்திருக்கிறார்கள். இவர்களுக்கு யோசிக்கக் கூட இடம் இருந்திருக்கவில்லை. உன் முழுக் கட்டுரையும் எனக்குப் புரியாது. இது மட்டும் புரிகிறது.

உன் மேஜை இழுப்பறையில் பேராசிரியர் பதவிக்கு நீ அனுப்பிய விண்ணப்பத்தின் நகல் இருந்தது. பதினெட்டுப் பக்கம். எடுத்துப் படித்தேன், மன்னித்துக்கொள். அதில் ‘தற்காலிக விரிவுரையாளர், ஒன்பது ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு வருடமும் விடுமுறைக்கு முன்னால் உன்னை வேலையை விட்டு நிறுத்தி, விடுமுறை முடிந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள், இரண்டு மாதம் சம்பளம் இருக்காது என்பது அதில் இல்லை. அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் உன் முதல் கட்டுரையையே எழுதினாய் என்பதும், அதற்காகவே அடுத்த வருடம் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் இல்லை. ஒரு நேர்முகத் தேர்வில், “தொழிலாளர் விஷயத்துக்குத்தான் யூனியன் ஆபீஸ் இருக்கே, யூனிவர்சிட்டி எதுக்கு?” என்று கேட்டவருக்கு, “ஆஸ்பத்திரி இருக்கும்போது மருத்துவக் கல்லூரி எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லையே சார்” என்று நீ பதில் சொன்னதும் இல்லை. வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலை நீ சொல்லிச் சொல்லி நான் மனப்பாடம் செய்துவிட்டேன். விடியற்காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஆலை வாசலில் நீயும் அக்காவும் படிவத்தோடு நிற்பீர்கள். நான் காவலாளி பெஞ்சில் உன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவேன். வெயில் ஏறியதும் அக்கா தன் குடையை என் முகத்துக்கு நேராக விரித்து வைத்துவிட்டு, தான் வெயிலில் நின்று கேள்வி கேட்பார். அதுவும் விண்ணப்பத்தில் இல்லை.

பதினெட்டுப் பக்கத்தில் உனக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பதவி உனக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். உன் வகுப்பில் இடம் கிடைக்காமல் மாணவர்கள் ஜன்னல் ஓரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உனக்குக் கிடைக்காவிட்டால் வேறு யாருக்கு?

இனி அந்தப் பயமான பகுதி.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ அப்பாவிடம் பேசினாய். அவர் சாப்பாட்டு மேஜையில் யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி மாட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ, “டைப் பண்ணது அவதானே? அதைத்தான எழுதியிருக்கேன். பொய் ஒண்ணும் சொல்லலையே” என்றாய். அப்பா, “பொய் இல்ல. ஆனா முழுசாச் சொல்லியிருக்கியா?” என்று கேட்டார். நீ, “பாப்பாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இருக்கவும் வேண்டாம்” என்று சொன்னாய்.

என் வாயில் துணி கிளிப் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டே நின்றேன்.

உனக்குத் தெரியும் அம்மா. இல்லையா? அந்த ஆய்வாளரின் கடிதத்தைப் படித்த அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். மேலே இருப்பதைப் பார்த்துக் கீழே எழுதுவது ஒரு குழந்தையின் வேலை என்று உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? என்னை யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது, பேப்பரில் என் பேச்சு வரக் கூடாது என்று நினைக்கிறாய். எனக்காகத்தான் என்று எனக்குப் புரிகிறது. புரியாமல் இல்லை. ஆனால் கொஞ்சம் உனக்காகவும் இருக்கிறதோ? ஆய்வுக் கோப்பை ஒன்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்தேன், திரும்பிச் சரிபார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பதவி போய்விடும். அக்காவின் பிழை என்றால் உனக்கு ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். அக்காவுக்கு என்ன ஆகும் என்று அவரே அப்பாவிடம் சொன்னார். ஆய்வுப் பதிவை ரத்து செய்வார்கள். கல்லூரியில் இப்போது பார்க்கிற தற்காலிக வேலையும் போய்விடும். தற்காலிகம் என்றால் என்னவென்று உன்னை விட யாருக்குத் தெரியும்?

நீ வருகிற திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகிற விளக்கத்தை அப்பா எழுத்துப்பிழை பார்ப்பதற்காக அச்செடுத்திருந்தார். உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது. ‘தரவுப் பதிவு முழுவதும் ஆய்வு உதவியாளரின் பொறுப்பில் நடைபெற்றது’ என்று இருக்கிறது. முழுவதும் என்பது பொய், அம்மா. அப்பாவுக்கும் அந்த இடம்தான் உறுத்துகிறது போல. பேனாவால் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமையிலிருந்து மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் நினைத்ததெல்லாம் மன்னிப்புக் கேட்பதாகவே இருந்தது. இப்போது அது போதாது என்று படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டி வருமோ என்று பயம். காற்புள்ளி சார் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் எனக்கு மயக்கம் வந்துவிடும். நீ என்னைப் பழைய மாதிரி பார்ப்பாயா என்று அதை விடப் பெரிய பயம். ஆனால் பயமாக இருப்பது வேறு, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது வேறு. எனக்குத் தெரியும்.

நீ செய்ய வேண்டியது இது. அந்த விளக்கத்தைக் கிழித்துப் போடு. நடந்ததை நடந்தபடி எழுது. ஆய்வாளர் கேட்டது நியாயமான கேள்வி என்று எழுது. காலிக் கட்டங்களை நிரப்பியது என் மகள், ஒன்பது வயதில், நான் கொடுத்த வேலையில் என்று எழுது. சரிபார்க்காதது நான் என்று எழுது. திருத்திய கணக்கையும் சேர்த்து அனுப்பு. நான் போட்ட கூட்டலை நீயும் ஒரு தடவை போட்டுப் பார், என்னை நம்பி விடாதே, ஒரு தடவை பட்டது போதும். உரிமையாளர் சங்கத்துக்காரர்கள் கத்துவார்கள். கத்தட்டும். கணக்கு நிற்கும்போது அவர்கள் எவ்வளவு நாள் கத்த முடியும்? பதவி இந்த வருடம் கிடைக்காமல் போகலாம். நீ ஒன்பது வருடம் காத்திருந்தவள், இன்னும் கொஞ்சம் இருக்க மாட்டாயா? அப்போதெல்லாம் நான் சின்னப் பெண், உனக்கு ஒத்தாசையாக ஒன்றும் செய்யத் தெரியாது. இப்போது சமையலையாவது அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன்.

குழு என்னைக் கூப்பிட்டால் வருவேன். அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன். அவர் கத்த மாட்டார், திருகாணியைத் தொலைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடுவார்.

நாளைக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் கூரியர் கடையில் இதைக் கொடுத்துவிடுவேன். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் உன் கையில் சேர்ந்துவிடும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா வருகிறார். கணக்கில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதை நீயே தடுத்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் சனிக்கிழமை மத்தியானத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது, அம்மா. அக்கா என் வாயால் கேட்டால், தன் டீச்சருக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வார். உன் வாயால் கேட்டால் அப்படி நினைக்க மாட்டார். கோபப்படுவார், அழுவார், இரண்டு நாள் உன்னோடு பேசாமல் கூட இருப்பார். பிறகு வருவார். எனக்குத் தெரியும்.

அவருடைய போன் எண் உனக்கு மனப்பாடம். நான் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. என்னை முந்திக்கொள், அம்மா.

உன் குரல் முதலில் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கும்,
உன் மகள்